எதிர்ச்சுற்று

ஐந்தரைக்கே அவன் வேன் வந்து நின்றிருந்தது.
பக்கவாட்டில் எங்கள் பேக்கரியின் பெயரில்
என் பாதியை மட்டும் சுரண்டியிருந்தான்.
சுரண்டிய இடம்தான் பளிச்சென்று தெரிந்தது.

ஜூலையின் மூன்றாம் ஞாயிறு.
பதினோரு வருடமாக அடுப்பை அணைத்துவிட்டு
நாங்கள் மலையேறும் ஒரே நாள்.
அடுப்பு ஷாந்த்ருவுக்கு, வாடிக்கையாளர்கள் எனக்கு என்று
ஒவியேதோ வக்கீல் பிரித்து எழுதியபோது
இந்த ஞாயிறு யாருக்கென்று எழுத மறந்துவிட்டார்.

பலகையில் அம்புக்குறி இரண்டு பக்கமும் காட்டியது.
பென்யா யொபேரா, பத்தொன்பது கிலோமீட்டர், வட்டப் பாதை.
ஈரப்புல்லில் அவன் தடம் இடப்பக்கம் போயிருந்தது.
வலப்பக்கம் நடந்தேன்.

பீச் மரக் காடு முடியும்வரை நிம்மதி.
பசுக்களின் மணி பின்தங்கி,
வெயில் சுண்ணாம்புப் பாறையில் பட்டுக்
கண்ணைக் குத்தத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது:
ஒரு வட்டத்தில் எதிரெதிராய் நடக்கிற இரண்டு பேர்
சந்திக்காமல் இருக்கவே முடியாது.
பேசாமல் அவன் பின்னால் போயிருந்தால்
நாளெல்லாம் அவன் முதுகுகூடத் தட்டுப்பட்டிருக்காது.

திரும்பிவிடலாமா என்று யோசித்த இடத்தில்
சரளைச் சரிவு ஆரம்பித்துவிட்டது.
மூன்றடி ஏறினால் இரண்டடி சறுக்கும் அது
யோசிக்க இடம் தராது.
ஊற்றுக் குழாயில் நீர் இல்லை.
ஒரு குளவி மட்டும்
அதன் வாய்க்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.
பாட்டிலை வெயிலுக்குத் தூக்கி அளந்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல்.
தொடை நடுங்கியது. எண்ணி எண்ணி ஏறினேன்,
நாற்பது அடிக்கு ஒரு மூச்சு, பிறகு முப்பதுக்கு,
பிறகு எண்ணவில்லை.

உச்சியில் அந்தத் துருப்பிடித்த தபால் பெட்டி.
உள்ளே நோட்டுப் புத்தகம், ஈரம் குடித்து உப்பியிருந்தது.
போன வருடப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும்
அவன் கையெழுத்தில், ஒரே மையில்.
இந்த வருடத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை.
மத்தி மீன் டப்பாவைத் திறந்தபோதுதான் பார்த்தேன்,
பழக்கதோஷம், பெரிய டப்பா வாங்கியிருக்கிறேன்.
தின்றேன். எண்ணெயையும் ரொட்டியில் துடைத்துத் தின்றேன்.

கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது.
இறங்கும் வழியில், ஒரு ஆள் அகலமுள்ள விளிம்பில்,
முதலில் ஊன்றுகோலின் இரும்பு நுனி கேட்டது.
அப்புறம் இருமல்.
மாவு தின்ற நெஞ்சின் இருமல், எனக்கும் அதேதான்.
ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும் என்பது மலையின் சட்டம்.
பையைக் கழற்றிப் பிடித்துப் பாறையோடு ஒட்டி நின்றேன்.

பனிக்குள்ளிருந்து தொப்பி வந்தது, பிறகு அவன்.
இருவரில் யாரும் கீழே பார்க்கவில்லை.
"அந்தப் பக்கம் ஊத்து வத்திப்போச்சு" என்றேன்.
"மூணாவது சங்கிலி பிடுங்கிக்கிச்சு, நம்பாதே" என்றான்.
கடக்கும்போது அவன் சட்டை பட்டன் ஒன்று
என் பையின் வாரில் சிக்கியது.
விடுவிக்க இரண்டு பேர் விரலும் தேவைப்பட்டது.
"சரி, வினா" என்றான்.
என் பெயரின் பின்பாதி.
பனி அவனைத் தொப்பியிலிருந்து அழித்தது.

மூன்றாவது சங்கிலி இருந்த இடத்தில்
முளை மட்டும் தலைகீழாய்த் தொங்கியது.
மேல் வளையத்திலிருந்து மாவு மூட்டை கட்டும் சணல்,
நான்கு இழை முறுக்கி, முடிச்சுக்கு முடிச்சு கைப்பிடி வைத்து,
கீழே நிற்க இடம் கிடைக்கும்வரை நீண்டிருந்தது.
அவன் ஏறுவதற்கு இவ்வளவு நீளம் வேண்டியதில்லை.
அவன் என்னைவிட ஒரு முழம் உயரம்.

ஆறு மணிக்கு வண்டி நிறுத்தத்துக்கு வந்தேன்.
காருக்குள் ரொட்டி சுடலாம், அவ்வளவு சூடு.
கதவைத் திறந்து வைத்து, பூட்ஸைக் கழற்றி,
குதிகால் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மீந்த தண்ணீர் இரண்டு மடக்கு இருக்கும்.
தாகம்தான்.
இங்கே பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.
சரளையில் இறங்குவது ஏறுவதைவிட மோசம்,
அதை அவனிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.