உள்ளூர்ப் பெயர்

நீடாமங்கலம், மூணாறு தலைப்பு.
வெண்ணாறு என்று வந்த தண்ணீர்
ஷட்டருக்கு ஷட்டர் பெயர் மாற்றிக்கொள்கிறது.
கோரையாறு. பாமணி. மிச்சம் மட்டும் பழைய பெயரிலேயே.
மீனுக்கு இது எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பறவைக் கணக்கெடுப்பில் எனக்குத் தினக்கூலி.
பைனாகுலர் அவர்களுடையது, பேனா என்னுடையது.
படிவத்தில் ஐந்து கட்டம்:
நேரம், எண்ணிக்கை, ஆண் பெண்,
அச்சிட்ட பெயர்,
உள்ளூர்ப் பெயர்.

ஐந்தே முக்காலுக்கு அளவுகோல் கல்லுக்கு மேலே
கறுப்பு வெள்ளையில் ஒரு மீன்கொத்தி
காற்றில் ஆணி அடித்து மாட்டினாற்போல நின்றது,
விழுந்தது,
வெறும் வாயோடு எழுந்தது.
‘சிச்சிலி’ என்றார் லஸ்கர் உத்திராபதி.
எழுதினேன்.

எரிகொட்டகைப் பக்கம் கொண்டை வைத்த ஒன்று.
‘சுடலைக்குயில். கத்துனா மழதான்.’
சுடலை என்றதற்கு அது வருத்தப்படவில்லை.
கம்பளிப்பூச்சி ஒன்றைக் கிளையில் துவைத்துத் தின்றது.
எழுதினேன்.

பிறகு பூவரசு உச்சியில் அந்தக் குரல்.
இறங்கி, யோசித்து,
விட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே
மறுபடி தொடங்குகிற குரல்.

அச்சிட்ட பெயர் மேக்பை ராபின்.
மேக்பையை நான் பார்த்ததில்லை, ராபினையும்.
இங்கே வராத இரண்டு பறவைகளை ஒட்டி
வந்த பறவைக்கு ஒரு பெயர்.
‘நீங்க என்ன சொல்லுவீங்க?’
‘இதயா? வண்ணாத்திக்குருவி.’
சொன்னவர் முகத்தில் ஒன்றுமில்லை.
பீடிக்குத் தீப்பெட்டி தேடினார்.

பேனா நின்றது.

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இதே வால், இதே மார்பு.
படத்தின் கீழே இருந்ததை வாத்தியார் வாசித்ததும்
வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.
அவர் சிரிக்கவில்லை.
அதட்டவும் இல்லை.
அந்த வருஷம் முழுக்க நான் உள்ளே நுழைந்தால்
பின் பெஞ்சில் விசில்.
திருமேனி நன்றாகவே அடிப்பான்,
பறவையே ஏமாந்திருக்கும்.

பைனாகுலரைத் திருகுகிறேன்.
கறுப்பு வெள்ளையில் வாலைத் தூக்கிப் பாடுவது ஆண்.
பெண் கீழே சருகுக்குள், சாம்பல் நிறம்,
புழு தேடுகிற வேலையில்.
பாட்டு அவனுக்கு, வெளுப்பு அவனுக்கு,
பெயரை மட்டும்
அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது.
ரயில்வே கேட் ஓரம் இப்போது இஸ்திரி வண்டி;
கேட் மூடினால் நாலு சட்டை கூடுதலாக வரும்.
அதற்கு முன்னால் ஆற்றில் வெளுத்த நாளில்
சேங்கொட்டைப் பாலில் ஊசி நனைத்து
துணி மூலையில் குறி போடுவாள்.
மூன்று புள்ளி மணியக்காரர்.
புள்ளியும் கோடும் தபாலாபீஸ்.
சாய்ந்த இரண்டு கோடு
போன மாதக் காசை மறந்துபோகிற வீடு.
எந்த வீட்டையும் சாதியால் குறித்தவள் இல்லை.
எத்தனை அடித்தாலும் போகாத கறுப்பு அது.
ஒரு வேட்டிகூட வீடு மாறியதில்லை,
ஒரு தடவை தவிர. அதை விடுங்கள்.

எங்கள் துணிக்குக் குறி கிடையாது.
மூட்டையை உதறும்போது
மூலை வெள்ளையாக இருந்தால்
அது எங்களுடையது.

நேரம் ஆறு பத்து.
எண்ணிக்கை இரண்டு.
ஆண் ஒன்று, பெண் ஒன்று.
கடைசிக் கட்டத்தைத் தாண்டி
அடுத்த வரிக்குப் போனேன். அதில் கொக்கு.

மத்தியானம் மன்னார்குடி ஆபீசிலிருந்து போன்.
‘பதினாலாவது வரியில ஒரு கட்டம் விட்டுப்போச்சேம்மா.’
‘விட்டுப்போகல சார்.’
‘அப்ப பேரு தெரியலயா?’
உத்திராபதி சாவியைப் போட்டுத் திருகி
கோரையாற்று ஷட்டரை ஒரு சாண் தூக்கினார்.
‘தண்ணி சத்தம் சார்,’ என்றேன்,
‘சரியா கேக்கல.’