முப்பது இரவுகள்

உலான்பாத்தர். மணி இரண்டு.
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் இருமுகிறது.
ஏழாம் மாடியில் சேவெல்மாவும்
அவள் திரையும் மட்டும் விழித்திருக்கிறார்கள்.

மாலையில் சண்டை சுழியத்தோடு தொடங்கியது.
தாளில் 007 என்றிருந்த வட்டாரம்
கோப்புக்குள் நுழைந்ததும் வெறும் 7.
மூன்று இலக்கமாக அச்சிடு என்றாள்.
முழு எண்ணைக் கொடு என்றது நிரல்.
ஏழு முழு எண் இல்லையா, பாவி?
தேடிப் பார்த்தாள்:
பன்னிரண்டாவது வரியில் யாரோ
தூக்கக் கலக்கத்தில் 12.5 என்று தட்டியிருக்க,
அந்த அரைக்காகப்
பத்தொன்பது வட்டாரங்களும் பின்னமாகியிருந்தன.

அடுத்து, ஒட்டும் கட்டளை.
பெயரையும் எண்ணையும் ஒட்டச் சொன்னால்
கேட்காமலே நடுவில் ஓர் இடைவெளி வைத்தது.
அதனால் ஷார்புலாக்குக்கு
ஷார்புலாக்கையே அடையாளம் தெரியவில்லை.
கட்டளையின் வாலில் ஒரு சுழியம் சேர்த்தாள்,
இடைவெளி போயிற்று.
அங்கே தொலைந்த சுழியம்
இங்கே வந்து வேலை செய்ததாக
தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.
சிரிக்க வேறு ஆள் இல்லை.

ஆனால் அவள் தூங்காதது இதற்காக அல்ல.

விதி எளியது:
மைனஸ் முப்பதுக்கும் கீழே போன இரவுகள்
இருபத்தைந்தைத் தொட்டால் இழப்பீடு.
வெள்ளிக்கிழமை போன பட்டியலில்
எல்லா வட்டாரத்துக்கும் முப்பது.
மலைக்கு முப்பது. மணலுக்கும் முப்பது.
"குளிர்காலம் பாரபட்சம் பார்க்கவில்லை"
என்று கையெழுத்திட்டார் இயக்குநர் எர்ஹெம்பயார்.
சோய்ஜில் என்ற ஆட்டுக்காரர்தான்
ஐம்பது மைல் வண்டியோட்டி, சிக்னல் பிடித்துக் கேட்டார்:
"எங்களுக்கு அறுபத்திரண்டு, அம்மா.
ஒவ்வொரு காலையும் எண்ணினேன்.
பட்டிக்கு வெளியே விறைத்துக் கிடந்தவற்றையும்
சேர்த்தேதான் எண்ணினேன்."

இப்போது அந்த வரி அவள் முன்னால்:

குளிர்<-30

மைனஸ் முப்பதைவிடக் குறைவா என்று
கேட்பதாகத்தான் எழுதினாள்.
ஒட்டி எழுதியதால்
கழித்தல் குறி அம்பின் தண்டாயிற்று.
கேள்வி கட்டளையாயிற்று.
குளிரே, இனி நீ முப்பது!
நான்கு மாத உறைபனி
ஒரே நொடியில் கோடையாகி,
கூட்டிப் பார்த்தால் முப்பது,
எங்கே கூட்டினாலும் முப்பது.

ஒரு வெற்றிடம் போதும்.
இடைவெளி விசையின் மேல் கட்டைவிரல்.
முதல் முறை அழுத்தவில்லை.
இந்தப் பிழை எல்லாருக்கும் பணம் கொடுக்கிறது,
திருத்தம் யாரிடமிருந்தோ பிடுங்கும்.
பிறகு சோய்ஜிலின் அறுபத்திரண்டு நினைவுக்கு வந்தது.

குளிர் < -30

62. 41. 9. 38.
எண்கள் தத்தம் முகத்தோடு இறங்கின.
ஹர்தோல்கோய்: 24.

இருபத்து நான்கு.
நூற்றுப் பதினான்கு குடும்பம், ஓர் இரவு குறைவு.

மூலப் பதிவேட்டைத் திறந்தாள்.
சனவரி இருபத்தாறு: மைனஸ் நாற்பத்தொன்று.
இருபத்தெட்டு: மைனஸ் நாற்பத்து மூன்று.
நடுவில் ஒரு வெற்றுக் கட்டம்.
ஓரத்தில் பென்சிலில்,
"கருவி உறைந்துவிட்டது. அளவு இல்லை."

விடுபட்டதை விட்டுவிட்டுக் கூட்டு என்று
எப்போதோ அவளே எழுதிவைத்த சொல் ஒன்று
வரியின் கடைசியில் இருந்தது.
அதை அழித்தாள். மீண்டும் ஓட்டினாள்.
மற்ற பதினெட்டும் அசையவில்லை.
இருபத்து நான்கு நின்ற இடத்தில் மட்டும்
இரண்டு எழுத்து வந்து நின்றது.
பூஜ்யம் என்று அதற்குப் பொருளில்லை,
இல்லை என்றும் இல்லை.
தெரியாது. அவ்வளவுதான்.

இருபத்தைந்து என்று தட்ட
அவளுக்கு எவ்வளவு நேரமாகும்?
தட்டவில்லை.
தெரியாது என்பதை அப்படியே வைத்துப்
பட்டியலை அனுப்பினாள்,
பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் இணைத்து.

எட்டு மணிக்கு எர்ஹெம்பயார் கூப்பிடுவார்.
அதுவரை குழாய் இருமட்டும்.