கூரை முடிந்த மறுநாள்

முறுமுறுக்கவில்லை என்று
உம்மிடம் பொய் சொல்லமாட்டேன்.
வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.
ஒரு வார்த்தையைப் பற்களுக்குள்
ஒலிவக் கொட்டையைப்போல்
உருட்டிக்கொண்டே இருந்தேன்.

நாலு வருஷம், ஆண்டவரே.
பாபிலோனிலிருந்து கழுதையோடு நடந்து வந்து
கரிந்த கல்லுக்குள் நல்ல கல் பொறுக்கிச்
சுவர் எழுப்பவே மூன்று மாரிக்காலம்.
அதுவரை மச்சான் வீட்டுக் கொட்டிலில்
அவன் ஆடுகளோடு படுத்தோம்.
பிறகு காட்டத்தி உத்திரம் ஐந்து.
அதன்மேல் யோர்தான் நாணல்.
அதன்மேல் வைக்கோல் மிதித்துக் குழைத்த களிமண்.
இரவல் வாங்கிய கல்லுருளையைக்
கடைசி முறையாக இழுத்து நிறுத்தியபோது
பொழுது சாய்ந்துவிட்டது.
செலோமீத் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாள்.
ஒரு பொட்டு வானம் தெரியவில்லை.
அதைவிட அழகாக எதையும்
நாங்கள் இருவரும் கண்டதில்லை.

மறுநாள் காலையில்
தண்ணீர் வாசலுக்கு முன்னால் சுருளை விரித்தார்கள்.
வீட்டைவிட்டு வெளியே வாருங்கள் என்றீர்.
ஏழு நாள் தழைக் கூடாரத்தில் குடியிருங்கள் என்றீர்.
எங்கள் பிதாக்கள் வனாந்தரத்தில்
அப்படித்தான் இருந்தார்களாம்.
கூட்டம் அழுதது. நானும் அழுதேன்.
என் அழுகைக்குக் காரணம் வேறு.

மலைக்குப் போய்
ஒலிவக் கிளையும் மிருதுச்செடியும்
பேரீச்ச ஓலையும் வெட்டினேன்.
கோடரி தேவைக்கு மேலேயே வெட்டியது.
"நட்சத்திரம் பார்த்துக்கிட்டே தூங்கலாமாப்பா?"
என் மகன் எலியோனாய்க்கு
சந்தோஷம் தாங்கவில்லை.
சும்மா நட என்றேன்.

நான் கட்டிய கூடாரம் இரண்டு தரம் சரிந்தது.
எதிர்ப்புறத்து அக்கூப் வந்து
ஒன்றும் கேட்காமல் என் முடிச்சுகளை அவிழ்த்தான்.
"காற்று இந்தப் பக்கம். வாசலைத் திருப்பு."
அவன் மனைவியை
ஆமாத்துக்கு அருகே வழியிலேயே புதைத்தோம்.
அவன் மனையில் சுவர் முழங்கால் உயரம்.
அதற்குமேல் என்றைக்கும் தழைதான்.
உம்மைக் குறை சொல்லி
அவன் பேசி நான் கேட்டதில்லை.
பேசியே கேட்டதில்லை என்பதும் உண்மை.
அன்று தெரு முழுக்க அவன் போனான்.
பொற்கொல்லன் வீட்டுக்கும்
வரி தண்டுகிறவன் வீட்டுக்கும்
அவனே கட்டிக் கொடுத்தான்.
இரவில் மாதளம்பழம் உடைத்துக்
கை கையாய் நீட்டினான்,
விருந்தாளிகள் வந்த வீட்டுக்காரனைப்போல.
யோசித்தால்,
அவன் வீட்டுக்குத்தான் நாங்கள் எல்லாரும் வந்திருந்தோம்.

மூன்றாம் இரவு முன்மாரி இறங்கியது.
பத்தடி தூரத்தில் என் கூரை.
அதன்கீழே நனையாமல் கிடந்தது
யாரும் இல்லாத தரை.
செலோமீத் என்னைப் பார்த்தாள்.
நான் வீட்டைப் பார்த்தேன்.
தெருவில் ஒருவரும் எழும்பவில்லை.
வீம்பா பயமா, தெரியாது.
இது கீழ்ப்படிதல்தானா என்றும் தெரியாது.
ஆனால் கால் நகரவில்லை.
எலியோனாய் தூக்கத்தில்
உதட்டில் விழுந்த துளியை நக்கினான்.

அப்போதுதான் இருமல் கேட்டது.
எதிர்ப்புறம், இலைகளுக்குள்,
அடக்கி அடக்கி, பிறரை எழுப்பிவிடக்கூடாதென்று.
புதிதாய் வந்த இருமல் அல்ல அது.
மூன்று மாரிக்காலமாய்
இந்தத் தெருவிலேயே இருந்திருக்கிறது.
சுவருக்குள் படுத்தவன் காதில் விழவில்லை.

இருந்த ஒரே கம்பளியை எடுத்துக்கொண்டு
சேற்றில் இறங்கினேன்.
அவன் நகர்ந்து இடம்விட்டான்.
விடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்,
ஒழுகும் இடத்தை மாற்றி மாற்றி.
பல்லுக்குள் இருந்த கொட்டையை
எப்போது துப்பினேனோ விழுங்கினேனோ,
காலையில் வாயில் இல்லை.

எட்டாம் நாள் பண்டிகை கலைந்தது.
கல்லுருளையைத் திருப்பிக் கொடுக்கப் போனவன்
இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று
கேட்டு வந்திருக்கிறேன்.
உத்திரத்துக்கு மரம் போதாது, ஆண்டவரே.
அதற்கு மட்டும்
கொஞ்சம் முறுமுறுத்துக்கொள்கிறேன்.