சாவியைத் தூங்க வைத்தல்

மூன்று மாதத்தில் அது இரண்டாவது.
ஒரு ரூபாய்க் காசு அளவுதான்,
விலை மட்டும் அறுபது.
லாங் பஜார் வாட்ச் கடையில் நயீம் பாய்
சாவியின் வயிற்றை நகத்தால் பிளந்து
பழைய வில்லையை நெம்பி எடுத்தார்.
புதியதற்கு நான் விரலை நீட்டியதும்
புறங்கையில் ஒரு தட்டு.
"விளிம்பைப் பிடி ஏகாம்பரம், முகத்தைத் தொடாத.
விரல் பிசுக்குலயே கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சிடும்."

கண்ணில் இடுக்கிய லென்சைக் கழற்றாமலே கேட்டார்:
"ராத்திரியில சாவி எங்க கீது?"
சட்டைப் பையில்.
"சட்டை?"
என் மேல்.
"நீ?"
வண்டிக்குள், பின் சீட்டில்.
லாட்ஜ் சந்தில் டிரைவருக்கு ரூம் யார் தருவார்?
லென்சோடு சிரித்தார். ஒரு கண் மட்டும் பெரிதாகச் சிரித்தது.

"கிட்ட இருந்தா வண்டி கூப்ட்டுகினே இருக்கும்.
இது பதில் சொல்லிகினே இருக்கும்.
ராத்திரி பூரா,
ஒண்ணும் விசேஷம் இல்லாம."

அதற்கு முந்தைய செவ்வாய், இரண்டே முக்காலுக்கு
மால்டா அம்மாள் கண்ணாடியைத் தட்டினாள்.
"டிரைவர் தாதா" என்பாள்.
அவர்கள் ஊரில் தாதா என்றால் அண்ணனாம். நம் ஊரில் வேறு.
சக்கர நாற்காலியிலிருந்து அவள் கணவரை
இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்தோம்.
எக்ஸ்ரே பையை மடியில் வைத்துக்கொண்டாள்.
ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன்.
சாவி இல்லை என்றது மஞ்சள் எழுத்து.
சாவி என் கையில் இருந்தது.
இன்னொரு முறை. இல்லை என்றது.
பின்னால் அவர் மூச்சு
இழுத்து, நின்று, இழுத்து.
எப்போதோ ஷோரூம் பையன் சொன்னது ஞாபகம் வந்து
செத்த சாவியைப் பொத்தானின் மேலேயே ஒட்ட வைத்து அழுத்தினேன்.
ஒட்டினால் மட்டும் கேட்குமாம்.
கேட்டது.
எமர்ஜென்சி வாசல் நானூறு மீட்டர்.
மீட்டர் போடவில்லை.

நயீம் பாய் சொல்லித் தந்தது:
பூட்டும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு
திறக்கும் பொத்தானில் இரண்டு தட்டு.
சிவப்பு நாலு முறை மினுக்கும். தூங்கிவிட்டது.
எழுப்புவதற்கு எதையாவது ஒன்றை அழுத்தினால் போதும்.
"எல்லா வண்டியிலயும் கிடையாது. உன்னுதுல கீது, அதிர்ஷ்டம்.
டேஷ்போர்டு மேல மட்டும் போட்டு வைக்காத.
இந்த ஊரு மே மாசத்துல
நானே பாதி சார்ஜுலதான் ஓடறேன்."
பழைய வில்லைக்கு டேப் சுற்றி டப்பாவில் போட்டு மூடினார்.
கடைக்குக் குழந்தைகள் வருமாம்,
மிட்டாய் என்று நினைக்குமாம்.

அன்று ராத்திரி
அகழிப் பக்கமிருந்தும் காற்றில்லை.
சாவியைத் தூங்க வைத்தேன். நாலு சிவப்பு.
பையில் சின்னதாய் ஒரு கனம்,
கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல்.
எனக்குத்தான் வரவில்லை.
எந்த மாடியில் யார் இருமினாலும் எழுந்து உட்கார்ந்தேன்.
என்னிடம் அந்த இரண்டு பொத்தான் இல்லை.

இப்போது ஐப்பசி.
பாலாற்றில் தண்ணீர் என்று பாலத்தில் வண்டியை நிறுத்தி
எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்.
அதே வில்லை, இன்னும் ஓடுகிறது.
மால்டா அம்மாளைக் காட்பாடி ஸ்டேஷனில்
ஆடி மாதமே இறக்கிவிட்டேன்.
முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.
பின் சீட்டில் எக்ஸ்ரே பை மட்டும் படுத்திருந்தது.
கொடுத்த காசை நான் எண்ணவில்லை.

நேற்று அவள் எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால்.
திருப்பிப் போட்டேன், எடுத்தாள்.
"தாதா" என்றாள்.
அவள் பாஷை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.
என் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது
சாப்பாடு, லிஃப்ட், எவ்வளவு.
லைனிலேயே இருந்தோம்
ஒன்றும் விசேஷம் இல்லாமல்.
போன் ஆறு சதவீதம் என்றது.
இருக்கட்டும்.