எதிர்த்து நிற்பவர்: யாருமில்லை

வேல்ஸின் வடகரையில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் பல்கலைக்கழகம்.
மாணவர் சங்கத்தின் கல்விச் செயலாளர் பதவிக்கு
நான் ஒருத்திதான் மனு போட்டேன்.
இருந்தும் வாக்குச்சீட்டில் இரண்டு வரி.
மாரெட் ப்ளெவின், நிலவியல், மூன்றாம் ஆண்டு.
அதன் கீழே:
இவரும் வேண்டாம், மறுபடி மனு வாங்குங்கள்.

அந்த இரண்டாம் வரிக்குச் சுவரொட்டி இல்லை,
தொண்டை கட்டுவதில்லை,
காலுறை நனைவதில்லை.
யாருக்கும் அது வாக்குக் கொடுத்ததில்லை,
அதனால் மீறியதுமில்லை.
போன வருடம் ஒருவன் அதனிடம் தோற்றான்.
"யாரிடம் தோற்றாய்?" என்று இப்போதும் கேட்கிறார்கள்,
பதிலை அவன் வாயால் கேட்பதற்காகவே.

விளையாட்டுச் செயலாளருக்கு நின்ற கெத்தின்
சிங்கிறால் வேடத்தில் நூலக வாசலில் ஆடினான்.
கூட்டம் அவன் கொடுக்குகளைப் பிடித்துப் படம் எடுத்தது.
என் கையில் ஒரு தாள்:
'எழுதிக் கொடுத்த கட்டுரை மூன்று வாரத்தில் திரும்ப வேண்டும்.'
இதற்கு என்ன வேடம் போடுவது?
ஆமை, என்றாள் நெஸ்டா, கொஞ்சமும் யோசிக்காமல்.
அட்டைப்பெட்டியில் ஓடு செய்தோம்.
மூன்றாம் நாள் மழையில் அது ஊறிக் கூழாகி
முதுகிலிருந்து தானே இறங்கிப் போயிற்று.

அந்த மழையில்தான் எலினெட் வந்தாள்.
தாதியர் படிப்பு, கருநீலச் சீருடை, ஈரப் பை.
"செவ்வாய் வகுப்பு ஐந்து ஐம்பதுக்கு முடிகிறது.
எங்கள் ஊர்ப் பேருந்து ஐந்து நாற்பத்தைந்துக்கு.
அதை விட்டால் எட்டேகால்.
தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை.
இரண்டு வருடமாகக் கடைசிக் கால்மணி நேரம் எனக்குக் கிடையாது.
சிறுநீரகம் பாதிதான் தெரியும்."
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

இரவு என் அறிக்கையை எடுத்து அடித்தேன்.
'மாற்றம்' போயிற்று. 'நம் குரல்' போயிற்று.
'அனைவருக்குமான' என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன்,
நல்ல சொல்தான்,
ஆனால் அதில் எந்தப் பேருந்தும் ஏற முடியாது.
கட்டுரை வரியை மட்டும் விட்டுவைத்து
அதன் மேலே எழுதினேன்:
செவ்வாய் வகுப்பு ஐந்தேகாலுக்கு முடியட்டும்.

வேட்பாளர் கூட்டம். முந்நூறு நாற்காலி, பதினோரு பேர்,
அதில் ஒருவன் குளிருக்கு ஒதுங்கியவன்.
அவன்தான் கேட்டான்:
"நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால்?"
மறுபடி கேட்பேன்.
"அப்புறமும்?"
கால அட்டவணை போடும் அலுவலகம்
எந்த மாடியில் என்று எனக்குத் தெரியும், என்றேன்.
அன்று கைதட்டல் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.
உண்மையில் எனக்குத் தெரியாது.
மேடையிலிருந்து இறங்கியதும் நெஸ்டாவிடம் கேட்டேன்.

எனக்கு முந்நூற்று நாற்பத்தொன்று.
யாருமில்லைக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மற்ற ஒன்பதாயிரம் பேரும் அன்று என்ன செய்தார்களோ.
கெத்தின் தன் கொடுக்கால் என் கையைக் குலுக்கினான்.
அந்த இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரில்
யாராவது நாளை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து
பேனா இரவல் கேட்கக்கூடும்.
கொடுப்பேன். வேறென்ன செய்வது.

மறுநாள் காலை கட்டுரை ஒன்று திரும்பி வந்தது.
அக்டோபரில் நான் கொடுத்தது, பத்தொன்பது வாரம்.
பனியாறுகள் பாறையை இடம் மாற்றுவது பற்றி.
ஓரத்தில் பென்சிலில் ஒற்றைச் சொல்:
ஏன்?

கால அட்டவணை அலுவலகம் நான்காம் மாடி.
லிப்ட் வேலை செய்யவில்லை.
கதவில் ஒரு சீட்டு: உணவு இடைவேளை, இரண்டு மணிக்கு வரவும்.
மணி ஒன்று பத்து.
படியில் உட்கார்ந்து, கட்டுரையை மடியில் விரித்து,
அந்தப் பென்சில் கோடு தொட்ட வரியைப் படித்தேன்.
யார் எழுதினாள் இதை, இவ்வளவு உறுதியாக?
கேட்டவருக்குப் பதில் தேவைப்படாது இனி.
இருந்தாலும் பேனாவைத் திறந்தேன்.