வினைமுற்று

ஆறு மணிக்குள் செய்தி போக வேண்டும்.
அச்சகத்திலிருந்து லூர்தெஸ்
இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"எவாரிஷ்டு தீ மூட்டினார்"
எழுதி அடித்தேன்.
"வால் ட ஊர்ஸி மலையில் தீ மூண்டது"
அதையும் அடித்தேன்.
முதல் வாக்கியத்தில் ஒரே ஆள்.
இரண்டாவதில் ஆளே இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
புதர் வெட்டும் எந்திரத்தின் தகடு
ஒரு கல்லில் பட்டது.
மதியம் இரண்டேகால், கிழக்குக் காற்று.
வெட்டாவிட்டால் அபராதம் என்று
நகராட்சி அனுப்பிய கடிதம்
அவர் கால்சட்டைப் பையில் நாலாக மடிந்திருந்தது.
வியர்வையில்
கடைசித் தேதி மட்டும் கரைந்திருந்தது.

சட்டையைக் கழற்றி அடித்து அணைக்கப் பார்த்தாராம்.
கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.
"என் பெயரைப் போடுவீர்களா?"
பதில் சொல்வதற்குள்
"விடுங்கள், ஊர் போட்டுவிட்டது" என்றார்.

யூக்கலிப்டஸ் யாருடையது என்று கேட்டேன்.
காகித ஆலை மூன்று பத்தி அனுப்பியது.
தேடித் தேடிப் பார்த்தும்
எழுவாய் கிடைக்கவில்லை.
(நான் எழுதப்போவதும்
அந்த மரத்துக் கூழில்தான்.
இந்த வரியை
செய்தியில் சேர்க்க முடியவில்லை.)

மேலிருந்து எடுத்த படத்தில்
போர்த்துகலின் மேல்
யாரோ கட்டைவிரல் மைவைத்தது போல ஒரு கருப்பு.
அதில் ஒடெட்டின் வீடு தெரியவில்லை.
ஒடெட்டின் வாசலில் எடுத்த படத்தில்
மலை தெரியவில்லை.
பக்கத்தில் ஒரு படத்துக்குத்தான் இடம்.

ஒடெட் சொன்னாள்:
"அவனுக்குப் பரிந்து ஒரு வார்த்தை எழுதினால்
உன் பத்திரிகையை
அடுப்புப் பற்றவைக்கத்தான் வாங்குவேன்."
சொன்ன பிறகுதான்
அடுப்பு இல்லாதது நினைவு வந்தது.
சிரித்துவிட்டாள்.
சிரித்தாள் என்று குறித்துக்கொண்டேன்.
வீடிழந்தவள் சிரித்ததை எழுதினால்
யார் எப்படிப் படிப்பார்களோ,
அதையும் அடித்தேன்.

தீயணைப்புக்காரன் ஒருவன்
உருகிய காலணியைக் காட்டினான்.
பேட்டி வேண்டாம், தண்ணீர் இருக்கிறதா என்றான்.
காரில் அரை பாட்டில் இருந்தது.
அன்று நான் செய்ததில்
சந்தேகமில்லாத காரியம் அது ஒன்றுதான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.
தகடு, கல், காற்று, கடிதம்,
சாலைவரை நெருக்கி நட்ட மரங்கள்,
ஒன்பது ஆண்டுகளாக வராத தண்ணீர்த் தொட்டி,
ஒடெட்டின் கோபம், அவள் சொன்னபடியே.
எதற்கும் மற்றதைவிடப் பெரிய எழுத்து இல்லை.

காலையில் அச்சில் வந்தபோது
தலைப்பில் ஒரே சொல்:
எரித்தவர்.
நான் வைத்ததில்லை.
ஆனால் கீழே
என் பெயர்தான் இருந்தது.

ஒடெட்டின் மூக்குக்கண்ணாடி எரிந்துபோயிருந்தது.
என்னையே வாசிக்கச் சொன்னாள்,
பள்ளிக்கூடத்துக் கூடாரத்தில், எல்லோர் எதிரிலும்.
தலைப்பை விட்டுவிட்டு ஆரம்பித்தேன்.
"தலைப்பு?" என்றாள்.
வாசித்தேன்.
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

கடிதம் என்ற இடத்தில்
கையை உயர்த்தி நிறுத்தினாள்.
மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
வெகுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு
எனக்கு மட்டும் கேட்கும்படி:

"அந்தக் கடிதம் எனக்கும் வந்தது.
நான் வெட்டவில்லை."