பதினாறு மாடுகள் திரும்பும் தெரு

மவுனில் கிளம்பியதிலிருந்து மவுனம்தான்.
முந்நூறு கிலோமீட்டர்.
நான் ஓட்டினேன்.
பாருட்டி வரைபடத்தை விரிக்காமல்
விசிறிக்கொண்டே வந்தான்.
பின்னால் வாமே கழுதைகளை எண்ணினாள்.
நூற்றுப் பதினேழில் அலுத்துப்போய்
யானைக்கு மாறினாள்.
யானை வரவில்லை.
நடுச்சாலையில் அதன் சாணம் மட்டும்
ஆவி பறக்கக் கிடந்தது.

நாட்டாவைத் தாண்டியதும்
வலப்பக்கம் வெள்ளையாய் ஒன்று
எங்களோடு கூடவே ஓடிவந்தது.
அது உப்பா, வானமா என்றான் காகோ.
இருவரும் ஒரே மூச்சில் பதில் சொன்னோம்.
உப்பு என்றேன் நான்.
வானம் என்றான் அவன்.
நிலவியல் படித்தவள் நான்.
அதற்காக அவன் தோற்றானா என்ன?

துக்வி வேலியில் கைகாட்டி நிறுத்தினார்கள்.
கால்நடைத் துறையின் காக்கிச் சட்டை
பின்கதவைத் திறக்கச் சொல்லி
பனிப்பெட்டிக்குள் குனிந்தது.
மூன்று கிலோ மாட்டிறைச்சி.
வடக்கே கோமாரி.
பச்சையாய்ப் போனால் வேலியைத் தாண்டாது,
வெந்துபோனால் தாண்டும்.
கொடுத்துத் தொலைக்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள்
பாருட்டி முள்மரத்தடியில்
சுள்ளி பொறுக்கத் தொடங்கியிருந்தான்.

லாரிகள் ஊதிக்கொண்டு போக,
சட்டம் சொன்னபடி சமைத்தோம்.
புகைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும்
அது என் பக்கமே வந்தது.
அதிகாரி கெபொனாங் ஒரு துண்டு எடுத்து
மென்று பார்த்து
உப்பு போதாது என்றார்.
அத்தனை பெரிய உப்புக்குப் பக்கத்தில்!
முதலில் சிரித்தது நானா அவனா,
இப்போது நினைவில்லை.

பிறகு காலணிகள்.
காலில் இருப்பவை மட்டுமல்ல,
பெட்டியில் இருப்பவையும்
மருந்து நனைத்த சாக்கில் மிதிபட வேண்டும்.
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
அடியில், துண்டுக்குள் சுற்றியிருந்தது
குதி உயர்ந்த கருப்பு ஜோடி,
நாளைய நேர்காணலுக்கு.
புலவாயோவில் ஒரு கல்லூரி.
எங்கள் சண்டையின் பெயரும் அதுதான்.

அவன்தான் அதை வாங்கினான்.
விரல் நுனியில் பிடித்து
மேல்தோல் நனையாமல்
அடி மட்டும் படும்படி
ஒருமுறை, மறுமுறை ஒற்றினான்.
சட்டையில் துடைத்துத் தந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

*

ப்ளம்ட்ரீ வரிசையில் இரண்டு மணி நேரம்.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

*

புலவாயோ.
இது தெருவா, விமான ஓடுதளமா என்றாள் வாமே.
ஜகரந்தா உதிர்ந்து
நிறுத்திவைத்த வண்டிகளின் நிறமே மாறியிருந்தது.
கடையில் மிச்சம் தரச் சில்லறை இல்லை.
காகோவின் கையில் நான்கு மிட்டாய் வைத்தார்கள்.
அவன் அங்கேயே முடிவெடுத்துவிட்டான்,
இங்கேயே குடிவரலாம் என்று.

விடுதிக் குழாயில் காற்று.
குளியலறையில் இரண்டு வாளி,
மேலே ஒரு சீட்டு:
வியாழன் வரை தண்ணீர் வராது.
பாருட்டி என்னைப் பார்த்தான்.
பார்த்ததோடு நிறுத்திக்கொண்டான்.

மாலையில் சுற்றிப்பார்க்கக் கிளம்பி
பத்தாவது அவென்யூவில் வழி தவறினோம்.
வண்டிகளுக்குக் காவலிருந்த ம்தாபிசி
கைத்தடியால் தெருவை அளப்பதுபோல் காட்டினான்:
"பதினாறு மாடு பூட்டிய வண்டி
நுகத்தடி அவிழ்க்காமல் திரும்பணும்னு
இவ்வளவு அகலமாப் போட்டாங்களாம்.
உங்களுக்கு என்ன, ஒரு டொயோட்டா."

வளைத்தேன்.
பின்னால் போகாமல், நிறுத்தாமல்,
ஒரே இழுப்பில் தெரு எங்களைத் திருப்பியது.
இன்னொரு தரம், என்றன பின்இருக்கைகள்.
இன்னொரு தரம்.
மூன்றாவது சுற்றில்
அந்தக் கல்லூரி எந்தப் பக்கம் என்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
அவன் முதன்முறையாக
வரைபடத்தை விரித்தான்,
தலைகீழாக.

ஜன்னல் விளிம்பில் காய்கிறது கருப்பு ஜோடி.
அறை முழுக்க மருந்து வாடை.
காகோ தூக்கத்தில்
ஒரு மிட்டாயை இன்னும் பிடித்திருக்கிறான்.